நுழைந்த சாவியும் திறவாத பூட்டும்

திண்டுக்கல்லைச் சார்ந்தோர்க்குப் பூட்டைப் பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பலவகைப் பூட்டுக்களைக் கையாலேயே செய்து நாடெங்கும் பெயர் பெற்ற நகரம் அது. 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பூட்டின் துளையில் ஒரு சாவி எளிதாக நுழைந்துவிட்டதனால் மட்டும் அஃது அப்பூட்டுக்குரிய சாவி ஆகிவிடாது என்பதை அந்நகரத்துச் சிறுவரும் அறிவர். யாவரும் அறிந்த அவ்வுண்மையைக் கடந்த கோடை விடுமுறையில் யாம் மறந்தோம். மறந்ததோடு அமையாது, குற்றமற்ற ஒருவர்மீது குற்றஞ்சாட்டிக் கடுஞ்சொல்லும் கூறினோம். அவ்வரலாற்றை ஈண்டு எழுதுவது இரண்டு காரணங்களால்: மடிக்கணினியோடு வேறொரு திரையை இணைக்க முயன்று இடர்ப்படும் மாணவ நண்பர்க்கு இது பயன்படும் என்பது ஒன்று; எம் பிழையை எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிடின் எம் மனம் அமைதியுறாது என்பது மற்றொன்று.

எமது ஊர் தொப்பம்பட்டி. பழனிக்கு வடக்கே உள்ள சமவெளியில் அமைந்தது. தெற்கு நோக்கினால் பழனி மலைத்தொடர் நீலச்சுவர்போல் நிற்பதைக் காணலாம். எம் இல்லத்தில் எல்லோரினும் மூத்தவர் எம் தாத்தா. கிராமப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் ஆசிரியராய் இருந்த காலமெல்லாம் ஒரு வேலையை ஓசையின்றிச் செய்துவந்தார். உழவரும் கிணறு வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் வழங்கிய சொற்களைக் கேட்ட அன்றே எழுதி வைத்தலே அவ்வேலை. மாடு கட்டி நீரிறைத்த நாளில் சாலுக்கும் வடத்துக்கும் உருளைக்கும் அவற்றின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பெயர் இருந்தன. மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் வந்தபின் அக்கருவிகள் மறைந்தன. கருவிகள் மறையவே அவற்றின் பெயர்களும் மறையலாயின. அவ்வாறு மறையும் பெயர்களை மூன்று நீண்ட குறிப்பேடுகளில் அவர் சேர்த்து வைத்துள்ளார்.

யாம் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த அன்று அம்மூன்று ஏடுகளையும் எம் கையில் அளித்து, “இவற்றை அச்செழுத்தில் ஏற்றிக் கொடு ஐயா, நான் ஒருமுறை படித்துத் திருத்திவிடுகிறேன்” என்றார். அப்போதே அவருக்குக் கண்ணழுத்த நோய் உண்டு. இந்நோயால் இழந்த பார்வை மீண்டும் வாராது. எஞ்சியிருப்பதையே சொட்டு மருந்து முதலியவற்றால் காக்கலாகும். வலக்கண் மங்கிவிட்டது. இடக்கண்ணால், எழுத்துப் பெரிதாயும் ஒளியுடையதாயும் இருந்தால் அவர் படிப்பார். ஆதலின் அவர் திருத்துதற்கு உரிய காலம் எம் விருப்பப்படி நீள்வதன்று என்பதை யாம் அறிந்திருந்தோம்.

எம் இல்லத்துள்ள மடிக்கணினி எம் தமக்கையார் மேல்நிலைப் பள்ளியிற் பயின்றபோது அரசு வழங்கியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், தம் வீட்டிற் கணினியைக் கண்டிராத மாணவர் பலர் முதன்முதலில் ஒன்றைத் தமதாகப் பெற்றனர். எம் தமக்கையார் அவர்களுள் ஒருவர். அவர் பயன்படுத்தி, அவருக்குப் பின் யாம் பயன்படுத்தி வரும் அக்கணினி இன்றும் உழைக்கின்றது. ஆயின் அதன் திரை சிறிது; எழுத்தைத் தாத்தாவின் கண்ணுக்கு ஏற்பப் பெரிதாக்கினால் ஒரு வரியில் மூன்று சொற்களே நிற்கும். ஆகவே, பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கி மடிக்கணினியோடு இணைத்தல் வேண்டும் என்று துணிந்தோம்.

திண்டுக்கல்லில் பழைய கணினிப் பொருள்களை விற்கும் கடை ஒன்றில் 22 அங்குல மானிட்டர் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் ஐம்பது வயதினர், மெல்லப் பேசுபவர். “எரிய வைத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள் தம்பி” என்றார். பழனிப் பேருந்து புறப்படும் நேரம் நெருங்கியதால், வேண்டா என்றோம். “இதில் வி.ஜி.ஏ.வும் டி.வி.ஐ.யும்தான் இருக்கின்றன. உங்கள் மடிக்கணினியில் என்ன இருக்கிறது?” என்று வினவினார். எச்.டி.எம்.ஐ. இருக்கிறது, அதற்கு வேண்டிய கேபிளை யாமே வாங்கிக்கொள்கிறோம் என்று கூறிப் புறப்பட்டோம். பழனியில் இறங்கி ஒரு கடையிற் கேட்டபோது, “கன்வர்ட்டர் வேண்டுமா, வெறும் கேபிளா?” என்றனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது என்று யாம் கேட்கவில்லை. விலையில் உள்ள வேறுபாட்டையே கேட்டோம். வெறும் கேபிளின் விலை குறைவு. அதன் ஒரு முனை மடிக்கணினியிற் பொருந்தும், மறுமுனை மானிட்டரின் வி.ஜி.ஏ. வாயிற் பொருந்தும் என்பதைக் கண்ணாற் கண்டு மகிழ்ந்து வாங்கினோம். சாவி நுழைந்தது, அதனால் பூட்டும் திறக்கும் என்று எண்ணினோம்.

அன்று சனிக்கிழமை. இரவு உணவுக்குப் பின் கூடத்து மேசைமேல் மானிட்டரை வைத்தோம். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். மூக்குக் கண்ணாடியைத் துண்டால் இருமுறை துடைத்து அணிந்துகொண்டார். கேபிளின் இரு முனைகளையும் பொருத்தி, மின்விசையைத் தட்டினோம். திரை ஒருகணம் ஒளிர்ந்தது. ‘நோ சிக்னல்’ என்னும் தொடர் அதன் நடுவே தோன்றியது. சிறிது நேரத்தில் அதுவும் மறைந்து திரை இருண்டது.

அதன்பின் யாம் செய்தவற்றை நினைத்தால் இன்றும் நாணம் உண்டாகின்றது. கேபிளைக் கழற்றி மாட்டினோம். மானிட்டரின் கீழுள்ள பொத்தான்கள் ஐந்தையும் மாறி மாறி அழுத்தினோம். மடிக்கணினியை அணைத்து ஏற்றினோம். அதன் அமைப்புக்களுட் புகுந்து திரை தொடர்பாக எவை எவை கண்ணிற் பட்டனவோ அவற்றையெல்லாம் மாற்றினோம். எதை மாற்றினோம், முன்பு அஃது எந்நிலையில் இருந்தது, மாற்றியபின் யாது நிகழ்ந்தது என்பவற்றுள் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒரே காலத்தில் மூன்றை மாற்றினால் பயன் விளைந்தாலும் எதனால் விளைந்தது என்று தெரியாது. விளையாவிடினும் எதனால் விளையவில்லை என்று தெரியாது. இதனை அறியாது இரண்டு மணி நேரம் போராடினோம். பத்து மணியளவில் தாத்தா, “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் ஐயா” என்று கூறிக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்பெட்டி மூடிய ஓசை எம் செவியில் விழுந்தபோது எமக்கு எழுந்த துயரம் சினமாக மாறியது. சினம் தனக்கு ஓர் இலக்கைத் தேடியது. அந்நேரத்திலேயே கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

“பழுதான பொருளை எங்கள் தலையிற் கட்டிவிட்டீர்கள். படிப்பவர்கள்தானே, தெரியாது என்று எண்ணினீர்களா?” என்றோம். இன்னும் சில கூறினோம். அவற்றை ஈண்டு எழுதல் தகாது. அவர் இடைமறிக்காமற் கேட்டுவிட்டு, “என்னிடம் நன்றாக எரிந்த மானிட்டர் தம்பி. திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். அவ்வமைதியையும் யாம் குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டோம். மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் அமர்ந்திருந்தபோதும் மனம் அமையவில்லை. ஆயினும் பிழை எம்மிடத்தும் இருக்கக் கூடும் என்னும் எண்ணம் அன்றும் தோன்றவில்லை.

திங்களன்று மானிட்டரைப் பழைய போர்வையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறித் திண்டுக்கல் சென்றோம். மானிட்டரை மட்டுமே கொண்டு சென்றோம். மடிக்கணினியை இல்லத்திலேயே விட்டோம். குற்றவாளி இதுவே என்று முன்னரே தீர்ப்பளித்துவிட்டோம் ஆதலின், மற்றதைக் கூட்டிலேற்ற வேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை.

கடைக்காரர் போர்வையைப் பிரித்து, தம் மேசைக் கணினியோடு அதனை இணைத்தார். கீழுள்ள பொத்தான் ஒன்றை இருமுறை அழுத்தினார். திரை முழுவதும் ஒளி நிறைந்தது. யாம் ஒன்றும் பேசவில்லை. அவர் எம்மை நோக்கி, “தம்பி, அன்று இரவு இதில் என்ன எழுதியிருந்தது?” என்று வினவினார்.

“நோ சிக்னல் என்று இருந்தது.”

“அதை எழுதியது யார்?”

யாம் விழித்தோம்.

“மானிட்டர்தானே எழுதியது? மின்சாரம் வந்திருக்கிறது, உள்விளக்கு எரிந்திருக்கிறது, எழுத்தைக் காட்டியிருக்கிறது. ‘நான் நலமாக இருக்கிறேன், எனக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை’ என்று அது சொல்லியிருக்கிறது. செத்துப்போன மானிட்டர் அப்படி எழுதிக் காட்டுமா?”

இச்சொற்களைக் கேட்டபோது எமக்கு உண்டான நாணம் சொல்லும் தரத்ததன்று. நூல்களைப் படித்து நுண்பொருள் காணும் சிறப்பு வகுப்பு மாணவர் என்று எம்மை யாமே மதித்திருந்தோம். எம் கண்ணெதிரே இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன. அவ்விரண்டையும் யாம் படித்தோமேயன்றிப் பொருள் கொள்ளவில்லை. குற்றஞ்சாட்டப் பெற்றவனே தன் பக்கத்துச் சான்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்க, அதனையே அவன் குற்றத்துக்குச் சான்றாகக் கொண்ட நீதிபதியை ஒத்திருந்தோம்.

பின்னர் அவர் எம் கேபிளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “இது இரண்டு பக்கமும் நுழையும். ஆனால் நடுவில் மொழிபெயர்ப்பவன் இல்லை” என்றார். அவர் விளக்கியதையும், பின்னர் யாம் படித்து அறிந்ததையும் நண்பர்களுக்காகச் சுருக்கி உரைக்கின்றோம்.

வி.ஜி.ஏ. என்பது 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கணினிகளில் கொண்டுவந்த முறை. அதன் முனையில் மூன்று வரிசையாகப் பதினைந்து ஊசிகளுக்கு இடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களும் மூன்று கம்பிகளில் தனித்தனியே செல்லும். நிறத்தின் ஒளிமிகுதிக்கு ஏற்ப மின்னழுத்தம் ஏறும், இறங்கும். ஓர் இசைவாணன் குரலை ஏற்றி இறக்குவது போன்றது அது. வரி எங்கே தொடங்குகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று அறிவிக்க வேறு இரண்டு கம்பிகள் உண்டு. டி.வி.ஐ. 1999ஆம் ஆண்டிலும், எச்.டி.எம்.ஐ. 2002ஆம் ஆண்டின் இறுதியிலும் வந்தவை. எச்.டி.எம்.ஐ. குரலை ஏற்றி இறக்குவதன்று. படத்தை எல்லாம் ஒன்று, சுழி என்னும் எண்களாக்கி அனுப்புவது. எண்ணாக வருவதை ஏற்ற இறக்கமாக மாற்றுதற்கு இடையே ஒரு சிறு கருவி வேண்டும். அக்கருவியுடையதே கன்வர்ட்டர். யாம் வாங்கியது வெறும் கம்பி. பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அது பயன்படாது. எண்ணாகப் புறப்பட்டது எண்ணாகவே சென்று, எண்ணறியாத வாயில் முட்டி நிற்கும்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. எம் மானிட்டரில் வி.ஜி.ஏ.க்குப் பக்கத்திலேயே டி.வி.ஐ. வாயும் இருந்தது. அதன் வடிவம் எச்.டி.எம்.ஐ.யின் வடிவத்தோடு சிறிதும் ஒவ்வாதது. ஆதலின் யாம் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆயின் அதுவும் எண்ணாகப் படத்தைப் பெறுவதே. படத்தை அனுப்பும் வகையில் இரண்டுக்கும் மொழி ஒன்று. ஒரு முனை எச்.டி.எம்.ஐ.யாகவும் மறுமுனை டி.வி.ஐ.யாகவும் உள்ள வெறும் கேபிளே போதும், கன்வர்ட்டர் வேண்டுவதில்லை. முகம் வேறுபட்டது உறவாகவும், எளிதிற் பொருந்தியது அயலாகவும் இருந்தன. இக்காலத்துப் புதிய மடிக்கணினி உடைய நண்பர்களும் இதனைக் கருதுக. 2014ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. சி என்னும் சிறு வாய் எல்லாக் கணினிகளிலும் ஒரே வடிவினதாக இருப்பினும், எல்லாம் படத்தை வெளியே அனுப்புவன அல்ல. சில மின்னேற்றவும் கோப்புக்களை மாற்றவும் மட்டுமே உதவும். கேபிளிலும் அவ்வேறுபாடு உண்டு. ஆதலின், நுழைகின்றதா என்று பார்ப்பதற்கு முன் யாது செல்கின்றது என்று கேட்டறிக.

மானிட்டரும் கணினியும் படத்தைப் பரிமாறத் தொடங்குமுன் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ளும் என்பதையும் அன்று அறிந்தோம். ‘என்னைச் செய்தவர் இவர்; நான் காட்டவல்ல புள்ளிகள் இத்துணை’ என்று மானிட்டர் தன்னைப் பற்றிய சிறு சீட்டு ஒன்றைக் கணினிக்குக் காட்டும். ஈ.டி.ஐ.டி. எனப்படும் அச்சீட்டின் முறை 1994ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன் அடிப்படை அளவு 128 பைட்டுகளே. எம் மானிட்டர் அகலத்தில் 1680 புள்ளிகளும் உயரத்தில் 1050 புள்ளிகளும் உடையது. ஆகமொத்தம் 17,64,000 புள்ளிகள் ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. இத்துணைப் பெரிய வேலையும் அச்சிறு சீட்டைப் படித்த பின்னரே ஒழுங்காக நடைபெறும். கேபிள் தளர்ந்திருந்தாலும் ஓர் ஊசி வளைந்திருந்தாலும் அச்சீட்டுச் சேராமற் போதல் உண்டு. அப்போது கணினி, தன் பக்கத்தில் மானிட்டர் இருப்பதையே அறியாது.

கடைக்காரர் தம் இழுப்பறையைத் துழாவி, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டி.வி.ஐ.க்குச் செல்லும் பழைய கேபிள் ஒன்றை எடுத்துத் தந்தார். நூறு ரூபாய் மட்டும் பெற்றார். பிறகு ஒரு துண்டுத்தாளை எடுத்து, “இந்த வரிசைப்படி பாருங்கள். ஒன்றை மாற்றினால் விளைவைப் பார்த்த பிறகுதான் அடுத்தது” என்று கூறி எழுதிக் கொடுத்தார். அத்தாளில் இருந்தவை ஐந்து. முதலாவது, மானிட்டருக்கு மின்சாரம் வருகின்றதா, விளக்கு எரிகின்றதா என்று காண்க. இரண்டாவது, கேபிளின் இரு முனைகளும் இறுகப் பொருந்தினவா, ஊசிகள் நேராக உள்ளனவா என்று காண்க. மூன்றாவது, எந்த வாயிற் கேபிளைப் பொருத்தினோமோ அந்த வாயையே மானிட்டர் எதிர்நோக்குமாறு பொத்தானால் அமைக்க. நான்காவது, மடிக்கணினியில் விண்டோஸ் விசையையும் பி என்னும் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘கணினித் திரை மட்டும்’ என்றிருப்பின் இரு திரைக்கும் உரியதாக மாற்றுக. ஐந்தாவது, இவையெல்லாம் ஒழுங்காயிருந்தும் படம் வாராவிடின், மானிட்டரை வேறொரு கணினியோடும், கணினியை வேறொரு மானிட்டரோடும் இணைத்துப் பார்க்க. நலமாய் இருப்பது உறுதியான ஒன்றன் பக்கத்தில் வைத்து ஐயத்துக்குரியதைச் சோதித்தலே ஐந்தாவதன் கருத்து.

இத்துணையும் செய்தவரிடம் மன்னிப்புக் கேட்டோமா எனின், இல்லை. கேட்க வேண்டும் என்று எண்ணினோம், நா எழவில்லை. “வருகிறோம்” என்று மட்டும் கூறிப் புறப்பட்டோம். நாணத்துக்கும் செருக்குக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது.

மாலையில் இல்லம் சேர்ந்து, தாளை மேசைமேல் விரித்து வைத்தோம். தாத்தா முன்போலவே நாற்காலியில் அமர்ந்தார். விளக்கு எரிந்தது. கேபிள் இறுகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தி டி.வி.ஐ. என்று அமைத்தோம். திரை ஒளிர்ந்தது, மீண்டும் ‘நோ சிக்னல்’ என்னும் அதே தொடர் தோன்றியது.

சனியன்று எழுந்த சினம் மறுபடியும் தலைதூக்கியதை மறைக்க விரும்பவில்லை. ‘பழைய கேபிளைக் கொடுத்து ஏமாற்றினாரோ’ என்னும் எண்ணம் ஒரு கணம் வந்தே விட்டது. ஆயின் எம் கண் தாளின்மேல் விழுந்தது. நான்காவது இன்னும் பார்க்கப்படவில்லை. விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் அழுத்தினோம். ‘கணினித் திரை மட்டும்’ என்பதே தெரிவு செய்யப்பட்டிருந்தது. அவ்வாறு செய்தவர் வேறு யாருமல்லர். சனிக்கிழமை இரவில் கண்ணிற் பட்டவற்றையெல்லாம் மாற்றிய யாமே. இரண்டு குறைகள் ஒருங்கே நின்றன. ஒன்றை நீக்கியபோது மற்றொன்று மறைத்தது. ஆகவே நீக்கியதும் பயனற்றது போலத் தோன்றியது. அந்நேரத்தில் பொறுமையிழந்து நல்ல கேபிளைக் கழற்றி எறிந்திருப்போமாயின் விடியும்வரை உழன்றாலும் வழி கண்டிரோம். தெரிவை மாற்றினோம். திரை ஒருமுறை இருண்டது. பின்பு எல்லாப் புள்ளிகளும் ஒளிபெற்று எம் தாத்தாவின் சொற்கள் விரலளவு எழுத்தில் எழுந்து நின்றன.

தாத்தா நாற்காலியை முன்னே நகர்த்திக்கொண்டார். இடக்கண்ணைத் திரைக்கு நேரே வைத்து, ஒவ்வொரு சொல்லாய் வாய்விட்டுப் படித்தார். தாம் எழுதியதைத் தாமே படித்துப் பல நாள் ஆயிற்றாதலின் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் நின்றார். மறுபடியும் படித்தார். “கமலை என்று இருக்கிறதே, இதை யார் எழுதியது?” என்றார்.

மாடு கட்டி நீரிறைக்கும் அமைப்பைக் கமலை என்று யாம் நூல்களிற் படித்திருந்தோம். அவர் ஏட்டில் ‘கவலை’ என்று இருந்தது. பார்வை மங்கிய காலத்தில் எழுதியதால் நேர்ந்த பிழை என்று கருதி, பதினான்கு இடங்களில் திருத்திவிட்டோம். அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“மதுரைப் பக்கம் கமலை என்பார்கள் ஐயா. நம் ஊரிலும் கொங்கு நாட்டிலும் கவலை என்றுதான் சொல்லுவார்கள். நான் கேட்டதைத்தானே எழுதினேன்?” என்றார். சிறிது நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, “கவலையை எடுத்துவிட்டால் நல்லதுதான் என்று நினைத்தாயோ!” என்றார். அவர் சிரித்தார், எம்மால் சிரிக்க இயலவில்லை.

1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர், ஏடு பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தெளிந்தவர் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர் யாம். கண்ட பாடத்தை மதியாது தம் மனத்துக்கு இசைந்ததை இட்டு நிரப்புதல் பதிப்பாளர்க்குப் பெருங்குற்றம் என்று வகுப்பிற் கேட்டுத் தலையசைத்தவரும் யாமே. அவ்வாறிருந்தும், எழுதியவர் அடுத்த அறையிலேயே இருக்க, அவரைக் கேளாமல் அவர் சொல்லைப் பிழையென்று தள்ளினோம். மானிட்டர் தந்த சான்றைப் படிக்காதவர், ஏடு தந்த சான்றையும் படிக்கவில்லை. இரண்டிடத்தும் எம்மிடம் இருந்த குறை ஒன்றே. பொருந்தாத ஒன்றைக் கண்டவுடன், பிழை எம் கைக்கு எட்டாத ஏதோ ஓரிடத்தில் உள்ளது என்று முடிவு செய்தோம். எம் கையிலிருந்தே தொடங்கித் தேடியிருப்போமாயின் இரண்டு குறையும் முதல் அடியிலேயே அகப்பட்டிருக்கும்.

அன்றிரவு பதினான்கு இடங்களிலும் கவலையை மீண்டும் அமைத்தோம். பிறகு தொலைபேசியை எடுத்துக் கடைக்காரரை அழைத்தோம். சனிக்கிழமை பேசியதற்காக மன்னிக்க வேண்டும் என்று சொல்லி முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பின்பு, “படம் வந்ததா தம்பி?” என்று கேட்டார். வந்தது என்றோம். “தாத்தா படித்தாரா?” என்றார். யாம் தாத்தாவைப் பற்றி அவரிடம் சொன்னது அம்மானிட்டரை வாங்கிய நாளில் ஒரே ஒரு முறை. அதனை அவர் நினைவில் வைத்திருந்தார். படித்தார் என்றோம். “அது போதும்” என்று கூறி வைத்துவிட்டார்.

விடுமுறை முடிவதற்குள் முதல் ஏடு முழுவதும் திருத்தம் பெற்றது. இரண்டாம் ஏட்டிற் பாதி முடிந்தது. யாம் கல்லூரிக்குத் திரும்பிய பின் எம் தமக்கையார் மாலைதோறும் அம்மானிட்டரை ஏற்றி வைக்கின்றார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டுத்தாள் அதன் பின்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது. அதன் அடியில் ஆறாவதாக ஒரு வரியை எம் கையால் எழுதிச் சேர்த்திருக்கின்றோம்: ‘இவ்வளவும் பார்க்குமுன் ஒருவரையும் குறை கூறாதே.’